மேகத்துக்குக் காத்திருந்து எடுத்த உன் முகம்

அன்புத் தோழிக்கு,

இன்று காலை என்னிடம் படம் எடுத்துக்கொள்ள வந்த பெண் முகம் முழுக்கப் பவுடர் அப்பிக்கொண்டு வந்தாள். அறையெங்கும் சந்தன வாசனை. "கழுவிட்டு வாம்மா" என்று குழாயைக் காட்டும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து வருடத்துக்கு முன் அதே குழாயடியில் நீ என்னைத் திட்டியது நினைவுக்கு வந்தது. "வடக்கனந்தல்லேர்ந்து பஸ்ல நின்னுக்கினே வரேன். வந்ததும் பவுடர கழுவச் சொல்றியே, நீயெல்லாம் ஒரு சிநேகிதியா?"

கணினியில் செய்யும் மனித உருவங்களுக்குத் தோல் போர்த்துவது என் தொழில். அப்போது சென்னைக் கம்பெனி ஒன்று விவசாயப் பெண் உருவம் கேட்டிருந்தது. கைவசம் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணின் தோல் படங்களில் கருமையைக் கூட்டி அனுப்பினேன். இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதும் சரியில்லை என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்களாம். அந்த வாரம்தான் வயலுக்கு மருந்து வாங்கக் கள்ளக்குறிச்சி வந்த நீ, என் வீட்டுக்கும் வந்து திரையை எட்டிப் பார்த்தாய்.

"இன்னாடி இது, கரி பூசினாப்ல இருக்கா! வெயில்ல நிக்கிறவ இப்டியா இருப்பா?"

ரவிக்கைக் கையை மேலே தள்ளிக் காட்டினாய். துணி மறைத்த இடம் ஒரு நிறம், கரும்புக் கொல்லை வெயில் பட்ட இடம் வேறு நிறம். விரல் முட்டிகள் கருப்பு, உள்ளங்கை இளஞ்சிவப்பு, காது மடலில் வெளிச்சம் பட்டால் ஒரு செம்மை. பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே இருந்தவளை அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன்.

"என்னையே எடேன்" என்றாய். மறுநாள்தான் நீ பவுடரோடு வந்து குழாயடியில் என்னைத் திட்டியது.

தோலுக்கு எடுக்கும் படத்தில் நிழல் விழக் கூடாது. உருவத்தை நடமாட விடுகிறவர்கள் நிழலைப் பிறகு கணினியிலேயே போட்டுக்கொள்வார்கள். அதனால் மொட்டை மாடியில் மேகத்துக்குக் காத்திருந்தோம். கல்வராயன் மலைப் பக்கமிருந்து வந்து மூடியதும் உன்னை ஸ்டூலில் உட்காரவைத்துச் சுற்றிச் சுற்றி எடுத்தேன். அசையாதே என்று சொன்னால் போதும், உனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். பாதிப் படம் அதில் வீண். தூறல் போடுவதற்குள் எப்படியோ முடித்தோம்.

அவற்றிலிருந்து நிறத்துக்கு ஒன்று, மேடு பள்ளத்துக்கு ஒன்று, எங்கே எவ்வளவு மினுங்கும் என்பதற்கு ஒன்று என்று தோலைத் தனித்தனிப் படலமாகச் செய்தேன். உன் மூக்கு நுனியில் மினுக்கம் ஜாஸ்தி, கன்னத்தில் கம்மி. முகமும் கழுத்தும் சேரும் இடத்தில் கோடு தெரியாமல் இணைக்கவே ஒரு வாரம் ஆனது. அத்தோடு விட்டிருக்கலாம். அழகாக இருக்கட்டுமே என்று கண்ணுக்குக் கீழிருந்த கருமையையும் மோவாய்த் தழும்பையும் துடைத்துவிட்டு, உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீ திரைக்குக் கிட்டே குனிந்தாய்.

"இது யாருடி?"

"நீதான்."

"சைக்கிள்லேர்ந்து என்ன கீழ தள்ளுனவ நீ. அந்தத் தழும்ப நீயே அழிச்சிட்டியா?" கோபமாகத்தான் ஆரம்பித்தாய். முடிக்கும்போது கண் கலங்கியிருந்தது. "எங்கம்மா பாத்தா இத எம்பொண்ணுன்னு சொல்லாதுடி."

எனக்குச் சுருக்கென்றது. நீ பக்கத்தில் இருக்கும்போதே துடைத்ததையெல்லாம் திரும்பக் கொண்டுவந்தேன். அசைத்துப் பார்த்தபோது உருவம் மெல்லத் தலையைத் திருப்பியது. "ஐயோ, மூச்சு வுடுறாடி!" என்று நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாய்.

கம்பெனி மறுநாளே ஒப்புக்கொண்டது. பிறகு நீ சரியென்று சொல்ல, மற்றக் கம்பெனிகளும் தங்கள் உருவங்களுக்கு அந்தத் தோலை வாங்கின. நீ போலீஸ் ஆனாய், டாக்டர் ஆனாய், பஸ் கண்டக்டர் ஆனாய். போன் செய்தால் முதல் கேள்வியே, "இன்னிக்கு நான் இன்னா வேலைக்குப் போறேன்?"

மூன்று வருடத்துக்கு முன் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. அந்தப் படங்களைத் திறக்க எனக்குப் பல மாதம் கை வரவில்லை.

போன வாரம் ஒரு கம்பெனி, உன் தோலை வைத்து அறுபது வயதுப் பெண்ணைச் செய்து, சரியா என்று கேட்டு அனுப்பியிருந்தது. நரைத்த தலை, தொங்கிய கன்னம். அழுதுவிடுவேன் என்றுதான் நினைத்தேன். வாயில் வந்ததோ, "இன்னாடி, அதுக்குள்ள கெழவி ஆயிட்ட!"

"யாராண்ட பேசிக்கினு இருக்க?" என்று கேட்டுக்கொண்டே என் கணவர் வந்தார். திரையைப் பார்த்ததும் அவருக்கும் புரிந்துவிட்டது. "நல்லாத்தான் வயசாயிருக்கு" என்றார்.

ஒரே ஒரு திருத்தம் மட்டும் எழுதி அனுப்பினேன். நெற்றிச் சுருக்கத்தைக் குறைத்துவிடுங்கள், கண்ணோரத்தில் கூட்டுங்கள். இவள் சிரித்தே வயதானவள்.