இரும்பு வாளியும் நாற்பது மீட்டரும்

மார்ச் 4

ஆவணக் காப்பாளர் அவர்களுக்கு,

பொருள்: பழைய களக்குறிப்பேடு ஒன்று வேண்டி.

வணக்கம். தொலைபேசியில் கேட்டால் தரமாட்டோம், எழுதித்தான் கேட்க வேண்டும் என்று உங்கள் காப்பகத்தில் சொன்னார்கள். யார் போட்ட சட்டம் என்று கேட்டேன். "எங்க மேடம் போட்டதுங்க" என்று சொல்லி, மேடத்தின் பெயரையும் சொன்னார் அந்தப் பையன். போனை வைத்ததும் பேனாவை எடுத்துவிட்டேன்.

அதனால் இதற்கு மேல் 'அவர்களுக்கு' எல்லாம் வேண்டாம். அடியே வாளி, நான்தான், குச்சி. பத்தொன்பது வருடம் கழித்து எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் படி.

நம் முதல் அகழாய்வு வேலையில் ஒரு செங்கல் சுவரைத் தோண்டி, வரைந்து, பத்திரமாக இருக்கட்டும் என்று மறுபடி மண் போட்டு மூடினோமே, அந்த இடத்தில் இப்போது நூலகம் கட்டப் போகிறார்கள். அஸ்திவாரம் போடும் முன் தோண்டிப் பார்த்துச் சொல்லும் வேலை எங்கள் நிறுவனத்துக்கு வந்திருக்கிறது. சுவரைக் காட்டிவிட்டால் தூண்களைத் தள்ளிப் போடுவார்கள். மார்ச் 31க்குள் காட்டாவிட்டால் இயந்திரத்தை இறக்கிவிடுவார்கள். சுவர் போச்சு.

சுற்றிலும் எல்லாம் மாறிவிட்டது, மிஞ்சியது அந்தப் பழைய கிணறு மட்டும். அச்சான வரைபடம் சொல்வதுபோல் கிணற்று மூலையிலிருந்து நேர் கிழக்கே நாற்பது மீட்டர் அளந்து தோண்டினேன். கன்னிமண். மனிதக் கையே படாத மண். ஒரு பானை ஓடுகூட இல்லை. கட்டட எஞ்சினியர் தினமும் வந்து குழிக்குள் எட்டிப் பார்த்து, "என்ன மேடம், இன்னைக்கும் ஒண்ணும் இல்லையா?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போகிறார். அவரைக் குழிக்குள் தள்ளிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

நம் குறிப்பேடு உன்னிடம்தான் இருக்கிறது. அனுப்புவாயா?

இப்படிக்கு,
குச்சி


மார்ச் 9

வணக்கம்.

உங்கள் விண்ணப்பம் கிடைத்தது. வரைபட எண் இல்லை. நிறுவன முத்திரை இல்லை. எஞ்சினியரைக் குழிக்குள் தள்ளும் விருப்பம் ஆவணம் வழங்கத் தகுந்த காரணமாகாது.

அலுவலகம் பேசி முடித்தது. இனி நான்.

அந்த வரைபடத்தின் கீழ் மூலையில் 'வரைந்தவர்' என்று உன் பெயர் மட்டும் இருக்கிறது. ஆறு நாள் வெயிலில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மடியில் பலகையை வைத்துக் கோடு இழுத்தவள் நான். வாளி என்ற பெயரே எனக்கு அதனால்தானே வந்தது? நீ அளவுகோலைப் பிடித்துக்கொண்டு, அதைப் போலவே நின்றாய். அறிக்கை அச்சாகி வந்ததும் அம்மாவிடம் காட்ட ஓடினேன். பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "உன் பேரு எங்கடி?" என்றாள்.

நீயாக வந்து காரணம் சொல்வாய் என்று காத்திருந்தேன். காத்திருப்பதில் நான் கெட்டிக்காரி.

குறிப்பேடு 214-ஆம் பெட்டியில் இருக்கிறது. ஒரு பூச்சி அண்ட விடாமல் வைத்திருக்கிறேன், ஆனால் ஒருநாளும் திறந்ததில்லை. முதலில் நீ பதில் சொல்.

வாளி

உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறியது போலத்தான் இருக்கிறது.


மார்ச் 12

அன்புள்ள வாளி,

சொல்கிறேன். அறிக்கை எழுதும்போது நீ இல்லை. உன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று வேலையை விட்டுப் போயிருந்தாய். அச்சுக்குப் போகும் முன் அகழாய்வு இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணுதான் போயிட்டாளே, அவ பேரு எதுக்கு?" என்றார். "வரைஞ்சதே அவதான் சார்" என்று சொல்ல வாயெடுத்தேன். வாயெடுத்ததோடு சரி.

பயத்தில் பேசாமல் இருந்துவிட்டேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. என் பெயர் மட்டும் தனியாக இருப்பதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் அடுத்த வேலையையும் வாங்கினேன். அதன் பிறகு உன் முகத்தில் விழிக்க வெட்கமாக இருந்தது.

மன்னித்துவிடுடி. இதைக் குறிப்பேட்டுக்காக எழுதவில்லை. நீ அனுப்பாவிட்டாலும் திட்டமாட்டேன். சரி, கொஞ்சம் திட்டுவேன்.

உன்,
குச்சி


மார்ச் 17

அடியே குச்சி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாவது தடவை அழுகை. மூன்றாவது தடவை பசி வந்து சாப்பிடப் போய்விட்டேன். வந்து 214-ஐத் திறந்தேன்.

இனி வருவதை உட்கார்ந்துகொண்டு படி. உன் உயரத்துக்கு மயங்கி விழுந்தால் ஆபத்து.

குறிப்பேட்டின் நடுவில் ஒரு புகைப்படம் இருந்தது. வாளி மேல் நான், மடியில் பலகை, பலகை மேல் திசைகாட்டி. எல்லாம் சரிதான். ஆனால் அது இரும்பு வாளி! இரும்பு பக்கத்தில் இருந்தால் திசைகாட்டியின் முள் இழுபடும் என்று முதல் நாள் வேலைக்கு வருகிறவர்களுக்கே சொல்லிக் கொடுக்கிறோம். நான் இரும்பின் மேலேயே சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்து வடக்கைக் குறித்திருக்கிறேன்.

நேற்று காப்பகத்து வாசலில் ஒரு இரும்பு வாளியைக் கவிழ்த்து அதே மாதிரி உட்கார்ந்து பார்த்தேன். காவலாளி பதறிப்போய், "மேடம், நாற்காலி கொண்டாரட்டுமா?" என்றார். முள் முப்பது பாகை கிழக்கே சாய்ந்து நின்றது. அப்படியென்றால் உன் நாற்பது மீட்டர் சரி, திசைதான் கோணல். வடக்கு கிழக்கே சாய்ந்தால், கிழக்கு தெற்கே சாயும். இப்போது தோண்டுகிற இடத்தை விட்டுவிட்டு ஏறக்குறைய இருபது மீட்டர் தெற்கே போ.

என் பெயர் இல்லையே என்று பத்தொன்பது வருடம் புலம்பிய வரைபடம் தப்பான வரைபடம். தப்பு என்னுடையது. அதற்காக எஞ்சினியரிடம் பேச்சு வாங்கியது நீ. தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

உன்னை மன்னித்துவிட்டேனா? பாதி. மீதி, சுவர் கிடைத்த பிறகு.

வாளி


மார்ச் 26

என் தங்க வாளி,

கிடைத்துவிட்டது!

நீ சொன்ன இடத்தில் மூன்றாம் நாள் பொலபொலவென்று மண் வந்தது. நாமே அள்ளிப் போட்ட மண். கொத்துக்கரண்டி டங்கென்று கண்ணாடியில் பட்டது. இங்கே முன்பே தோண்டியாகிவிட்டது என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய, தேதி எழுதிச் சுவருக்குச் சற்று மேலே ஒரு பாட்டிலை வைத்துத்தானே மூடுவோம்? அதே பாட்டில். அதற்கு ஒரு சாண் கீழே சுவர், ஒரு செங்கல் கலையாமல். எஞ்சினியர் எட்டிப் பார்த்து, "அட, நிஜமாவே இருக்கே!" என்றார். தூண்களைத் தள்ளிப் போடக் கையெழுத்தும் போட்டுவிட்டார். நல்ல மனிதர், தள்ளிவிடாததே நல்லது.

பாட்டிலுக்குள் உன் முத்து முத்தான எழுத்தில் ஒரு சீட்டு. 'தோண்டியதும் வரைந்ததும் வாளியும் குச்சியும்.' குழிக்குள்ளேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பாம்பு கடித்துவிட்டதோ என்று எல்லோரும் ஓடி வந்தார்கள்.

திருத்த அறிக்கை எழுதிவிட்டேன். வரைந்தவர்கள் இருவர், உன் பெயர் முதலில். திசை தவறியதற்கும் இருவர்தான் காரணம். அந்தப் புகைப்படத்தை எடுத்தவள் நான்தானே? கண் முன்னால் இரும்பு வாளி இருந்தும், உன்னைச் சிரிக்கச் சொல்லித்தானே எடுத்தேன்?

30-ஆம் தேதி குழியை மூடுகிறோம். புதுப் பாட்டில் வைக்க வேண்டும். நீ வா. பிளாஸ்டிக் வாளி வாங்கி வைத்திருக்கிறேன்.

உன்,
குச்சி


மார்ச் 30

இனி இங்கே தோண்டப் போகிறவருக்கு,

வணக்கம். நீங்கள் யாரோ, எந்தக் காலத்தில் இருக்கிறீர்களோ, தெரியாது. மெதுவாகத் தோண்டுங்கள், சுவர் இன்னும் ஒரு சாண் கீழே இருக்கிறது.

இந்த இடத்துக்கு முதலில் ஒரு வரைபடம் அச்சானது. அதை நம்ப வேண்டாம். இந்தத் தாளின் பின்பக்கம் இருப்பது இன்று காலை நாங்கள் வரைந்தது. இந்த முறை பலகையைப் பிடித்தது குச்சி. அளவுகோலைப் பிடித்தது வாளி. அவளுக்கு உயரம் போதாமல் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து மேலே ஏறி நின்றாள்.

கூட வேலை செய்தவரின் பெயரை எழுதிவிடுங்கள். உங்கள் பெயர் விட்டுப்போனால் காத்திருக்காமல் அன்றைக்கே போய்ச் சண்டை போடுங்கள். நாங்கள் போடாமல் விட்டதை இன்று காலையிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறோம். நன்றாக இருக்கிறது.

இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டாம். மண் அள்ளிப் போட வந்தவர்கள் மேலே நின்று, "பேசி முடிச்சாச்சா மேடம், மூடலாமா?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறார்கள்.

இன்னும் முடிக்கவில்லை.

வாளி
குச்சி