சனி, ஞாயிறு மட்டும் வராதே

பாப்பாவுக்கு,

போனில் சொன்னால் குறுக்கே கேள்வி கேட்பாய், அதனால்தான் எழுதுகிறேன். லீவுக்கு வா. ஆனால் சனி, ஞாயிறில் வேண்டாம்.

முத்தியால்பேட்டையில் எல்லாரும் வாடகையை ஏற்றிவிட்டார்கள். நம் வீட்டுக்கார ஏலேன் மதாம் மட்டும் ஏற்றவில்லை. அதற்குப் பதிலாக, அந்த இரண்டு நாளும் நம் அறையைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறார்.

"நீ ஒண்டி ஆளுதானே, எங்கனா போயிட்டு வாயேன்" என்றார். நியாயம்தானே?

உன் போட்டோவை மட்டும் சுவரிலிருந்து கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். பகலில் கடற்கரையில் நல்ல காற்று. ராத்திரியில் பஸ் ஸ்டாண்டில் எப்போதும் ஆள் நடமாட்டம் உண்டு, பயமில்லை.

போன ஞாயிறு சாயங்காலம் திரும்பியபோது, வந்தவர்கள் இன்னும் கிளம்பவில்லை. உன் வயதுப் பெண் ஒருத்தி நம் கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். வாசலில் என்னைப் பார்த்ததும், "ரூம் கிளீன் பண்ண வந்தீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றேன்.

நல்ல பெண். துடைப்பம் எங்கே இருக்கிறது என்று எழுந்து வந்து காட்டினாள்.

திங்கள் முதல் வெள்ளி வரை வீட்டில்தான் இருப்பேன்.

உன் அம்மா