வேப்பமரக் கவட்டையில் உங்கள் குவளை

சார்,

"எங்க அப்பாவுக்கு உங்க ஊரே சேர்ந்து ஒரு குவளை பரிசு கொடுத்ததாமே, அந்தக் கதையைச் சொல்லுங்க அங்கிள்." நீங்கள் இறந்த செய்தியைச் சொல்லிவிட்டு உங்கள் மகள் போனில் கேட்ட கேள்வி இது. கூடவே படமும் அனுப்பினாள். நீலக் கரை போட்ட எனாமல் குவளை. கடைசி வரை அதில்தான் தேநீர் குடித்தீர்களாம்.

பரிசு என்றா சொல்லி வைத்திருக்கிறீர்கள்?

எழுபதுகளின் தொடக்கம். நைஜீரியாவில் பிறந்த நீங்கள், எங்கள் கல்லூரிக்கு இயற்பியல் சொல்லித்தர வந்து, கோயமுத்தூரை ஒட்டிய சித்தூர் தாலுகாவின் தமிழ் பேசும் கிழக்கோரத்தில் எங்கள் ஊரிலேயே வாடகைக்குக் குடியிருந்தீர்கள். சோதனைக்கூடத்தில் எது கேட்டாலும் விடை சொல்ல மாட்டீர்கள். "செய்து பார்" என்பீர்கள், அவ்வளவுதான். மரியாதைக்கு 'ங்க' சேர்க்க வேண்டும் என்று நாங்கள் சொல்லப்போக, வழியில் படுத்திருந்த நாயிடமும் "தள்ளுங்க" என்றீர்கள்.

ஊர் டீக்கடையில் பெஞ்சில் உட்காருபவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். என் தெருக்காரர்களுக்குக் கூரை விளிம்பில் செருகிய அலுமினிய டம்ளர். குடித்துவிட்டு நாங்களே கழுவிச் செருக வேண்டும். என்னுடன் நீங்கள் அங்கே வந்த முதல் நாள் கடைக்காரர் பெஞ்சைத் துடைத்தார்.

"வாங்க சார், உள்ள உக்காருங்க."

நான் வெளியே நின்றேன். கிளாஸையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். எழுந்து வந்து கூரையிலிருந்து ஒரு டம்ளரை உருவி, "இதுலங்க" என்று நீட்டினீர்கள். அதிலேயே குடித்துவிட்டு, எங்களைப் போலவே கழுவிச் செருகினீர்கள்.

மறுநாள் கடை வாசல் வேப்பமரக் கவட்டையில் இந்த எனாமல் குவளை இருந்தது.

"சாருக்குத் தனிச் சாமானுங்க. எல்லாம் ஒரு மரியாதைக்குத்தானுங்க!" என்றார் கடைக்காரர். பெஞ்சு முழுக்கச் சிரிப்பு.

அதுகூடப் பரவாயில்லை. நீங்கள் வாய் வைத்த அலுமினிய டம்ளரை என் தெருக்காரர்களும் தொடவில்லை. என் பெரியப்பா, "நமக்கும் கீழ ஒருத்தன் வந்துட்டான்டா!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அந்த மாதமே உங்கள் வீட்டுக்காரர் வந்துவிட்டார். "ஊட்டுக்கு வெள்ளையடிக்கோணுங்க சார். வேற எடம் பாத்துக்குங்க." ஊரில் வேறு யாரும் வீடு தரவில்லை. எங்கள் தெருவில் ஒரு வீடு காலியாக இருந்தது. அதைக் கேட்டு நீங்களே எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். என் அப்பா உங்களை வாசலிலேயே நிறுத்தி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"நமக்காகத்தானேப்பா அவரு அந்த டம்ளர்ல குடிச்சாரு?" என்றேன்.

"நானா குடிக்கச் சொன்னேன்? பெரிய படிப்புங்கறே, சரி கண்ணு. அந்த மூஞ்சியில தெனமும் முழிக்க முடியுமா?"

தமிழ் உங்களுக்கு அந்த அளவு புரியும். வாசலுக்கு நான் வந்தபோது செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். "போயிட்டு வரேங்க" என்று என் அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டீர்கள். அந்த வாரமே கோயமுத்தூர் பஸ் ஏறினீர்கள். மடியில் இந்தக் குவளை. நீங்கள் காலி செய்த வீட்டுக்கு அதன் பிறகு யாரும் வெள்ளையடிக்கவில்லை.

நானும் முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னேன். மேலிருந்து விழும் அடி கீழே எப்படிப் பரவுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு தடவைகூட வகுப்பில் சொல்லத்தான் முடியவில்லை. வகுப்பின் ஒவ்வொரு பெஞ்சிலும் யாராவது ஒரு பிள்ளையின் அப்பா இந்தக் கதையில் இருந்தார்.

உங்கள் மகள் தை மாதம் வருகிறாளாம். பரிசு கொடுத்த நல்ல மனிதர்களைப் பார்க்க வேண்டுமாம். உங்கள் பொய்யை நான் காப்பாற்றப் போவதில்லை, சார். வேப்பமரம் இன்னும் இருக்கிறது. அவளை அங்கே கூட்டிப்போய், எது எங்கே இருந்தது என்று காட்டுவேன். பிறகு என் அப்பா உங்களை நிறுத்தி வைத்த வாசலுக்குக் கூட்டிவந்து, உள்ளே உட்காரச் சொல்வேன். வருவதும் வராததும் அவள் விருப்பம்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டில் வேலைக்கு வருபவருக்கென்று ஒரு டம்ளரை ஒதுக்கி வைத்திருப்பீர்கள். நாளைக் காலை உங்கள் காப்பியை அதில் ஊற்றிக் குடித்துப் பாருங்கள்.