சுவரில் இருந்த கால்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர உடம்பைப் பற்றிச் சொல்லும்படி ஒன்றுமில்லை. மாடித் தொட்டிக்கு மூடி மாற்றியாயிற்று. நீ அனுப்பிய போர்வை வந்தது. நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கதகதப்பாக இருக்கிறது.

பத்து நாளாக நீ போனை எடுக்கவில்லை. சுவரின் போட்டோவை அனுப்பி, "நீயா கையெழுத்துப் போட்ட?" என்று ஒரு வரி கேட்டிருந்தாய். ஆமாம், நான்தான். போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி.

அப்பா போன அடுத்த வருடம் நம் பக்கச் சுவரில் நீ அவரை வரைந்தாய். ஏணியில் நின்றுகொண்டு, மூலையில் இருக்கும் நிஜத் தெருவிளக்கை எட்டித் தொடுகிற மாதிரி. இருட்டத் தொடங்கி விளக்கு எரியும்போது அவரே ஏற்றியது போலிருக்கும். நகராட்சியில் முப்பது வருடம் தெருவிளக்கு பார்த்த மனிதருக்கு அதைவிட நல்ல மரியாதையை யாரும் செய்யவில்லை. இதை அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும். என் கண்ணில் பட்டதோ அவருடைய வெறுங்கால்தான். "தெரு முழுக்க உங்கப்பாவோட வெடிச்ச குதிகாலைப் பாக்கணுமாடி?" என்று கேட்டுவிட்டு ஒரு மாதம் உன்னோடு பேசவில்லை. இப்போது உன் முறை.

போன மாதம் காலணிக் கம்பெனியிலிருந்து ஒரு பெண்ணும் ஒரு பையனுமாக இரண்டு பேர் வந்தார்கள். வாசலில் நின்று அனுமதி கேட்டு, உள்ளே வந்து, 'மேடம்' என்றார்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. ஈரத்தில் படம் உரிகிறது, தாங்களே புதுப்பித்துத் தருகிறோம், கீழே உள்ளங்கை அளவுக்குக் கம்பெனி முத்திரை மட்டும் இருக்கும் என்றார்கள். பணம் வேண்டாம் என்றேன். அதை ஒரு நற்குணமாக வேறு நினைத்துக்கொண்டேன். உன்னைக் கேட்க வேண்டுமே என்று தோன்றாமலில்லை. சுவர் என்னுடையதுதானே என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். படம் யாருடையது என்று அப்போது யோசிக்கவில்லை.

ஒப்பந்தத்தை வரி விடாமல் படித்துக் கையெழுத்துப் போட்டேன். ஏதாவது மாற்ற வேண்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள். "கால்ல ஏதாவது போட்டு விடுங்க" என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சாரம் பிரித்த அன்று பார்த்தேன். அப்பாவின் காலில் பழுப்புத் தோல் ஷூ ஜோடி, அவர் தலையைவிடப் பெரிதாக, பளபளவென்று. பக்கத்தில் கம்பெனியின் பெயர். மற்றதெல்லாம் நீ வரைந்தபடியே. சங்கடமே அதில்தான். விளம்பரப் பலகை என்றால் விளம்பரம் என்று தெரியும். பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம். இவர்கள் உன் கையால் எழுதியது போலத் தங்கள் பேச்சை எழுதிவிட்டார்கள். நீ அன்பில் செய்ததை நம்பித்தான் தெருவில் எல்லோரும் நின்று பார்க்கிறார்கள். நின்றவர்களிடம் அப்பா ஷூ விற்கிறார்.

அப்பாவுக்கு ஏணி பிடித்த கூட்டாளி வந்திருந்தார். வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். "அண்ணன் எப்ப அண்ணி ஷூ போட்டு ஏணி ஏறினாரு?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. கேலியென்றால் பதில் வைத்திருப்பேன்.

கம்பெனிக்கே போனேன். ஏழாவது மாடி. அதே பெண் எழுந்து நின்று நாற்காலி கொடுத்தாள். அழித்துவிடுங்கள் என்றேன். ஒரு வருடத்துக்கு முடியாது, ஒப்பந்தத்தில் இருக்கிறது என்றாள். செத்துப்போனவரை உங்கள் விற்பனையாளராக்குவது நியாயமா என்று கேட்டேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"ஷூ போடச் சொன்னது நீங்கதானே மேடம்?"

அவள் பேச்சிலும் நடத்தையிலும் என்னால் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து ஆல்பங்களையெல்லாம் எடுத்துப் போட்டேன். அப்பாவின் கால் தெரிகிற மாதிரி ஒரு படம்கூட இல்லை. காலையில் வரிசையில் நிற்கவைத்து ஷூவுக்கு பாலிஷ் போட்டிருக்கிறோமா என்று பார்க்கும் கான்வென்ட் சிஸ்டர்களிடம் வளர்ந்தவள் நான். கேமராவைப் பார்த்ததும் முதலில் அவர் காலைத்தான் மூடுவேன். "செருப்பு போட்டா படி எங்க இருக்குன்னு காலுக்குத் தெரியாது, இன்ஸ்பெக்டரம்மா" என்பார். அந்தக் கால்கள் உன் சுவரில் மட்டும்தான் இருந்தன.

உனக்கு ஞாபகம் இருக்கும், இருந்தாலும் எழுதிவைக்கிறேன். இடது சுண்டுவிரலில் நகம் கிடையாது. வலது குதிகாலில் மூன்று வெடிப்பு, நடுவில் இருப்பது நீளம். கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒட்டாமல் விலகியே இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கால்களைக் குறை சொன்னவள் நான். அதனால் ஒன்றும் மறக்கவில்லை.

இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது. முடிகிற வாரம் லீவு போட்டுக்கொண்டு வா. அதுவரை திட்டுவதற்காகவாவது ஒருமுறை போன் செய். அப்பாவின் ஏணியைத் துடைத்து நிமிர்த்தி வைத்திருக்கிறேன். நீ வரையும்போது நான் வாய் திறக்கமாட்டேன். கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

உன் கை என்றைக்கும் நடுங்காதிருக்கட்டும். ஏறும்போது மட்டும் செருப்பைக் கழற்றிவிடு.

உன்
அம்மா