டிரைவர் பக்கத்து பெல்ட்

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

பழைய கார் விற்கும் எங்கள் கடைக்குப் போன மாதம் ஒரு புது மாப்பிள்ளை வந்தார். சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைத் தட்டினார், தடவினார், எஞ்சினுக்குக் காது கொடுத்தார். கடைசியில் என்னிடம், "அண்ணே, நம்பி வாங்கலாமா?" என்றார். இங்கே என்னை எல்லோரும் 'ஏய்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

முன்பக்கம் நொறுங்கி வந்த வண்டி அம்மா அது. பக்கத்து சீட் பெல்ட் நைந்திருக்க, டிரைவர் பக்கத்து பெல்ட் மட்டும் புத்தம் புதுசு. மோதலில் இறுகிப்போன பழையதை வெட்டியெடுத்து, புதிதை மாட்டியவனே நான்தான். முதலாளி அருகிலேயே நின்றதால், வாய் திறக்காமல் அந்த பெல்ட்டையே இழுத்து இழுத்துத் துடைத்துக் காட்டினேன்.

"அண்ணன் வேலை படு சுத்தம்!" என்று சிரித்தார்.

முதலாளி என்னைப் பார்த்தார். "நல்ல வண்டி தம்பி" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை கூப்பிடுறேண்ணே, ஒரு ரவுண்டு போலாம்" என்று நம்பர் வாங்கிக்கொண்டு, அந்த வண்டியிலேயே கிளம்பிப்போனார். மூன்று ஞாயிறு போய்விட்டது.

வேறொன்றுமில்லை, நீ கவலைப்படாதே. யாராவது இங்கே வந்தால் பாதவெடிப்புத் தைலம் கொடுத்துவிடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இனி எனக்குப் போன் செய்யாதே அம்மா. அவர் கூப்பிட்டால் லைன் கிடைக்க வேண்டும்.

முதலாளி கூப்பிடுகிறார், முடிக்கிறேன்.

உன் மகன்