நிறுத்தச் சொன்னவள்

பாப்பாவுக்கு,

தனியார் கம்பெனியும் ராக்கெட் விடலாம்னு சர்க்கார் சொன்னது நல்லதாப் போச்சு. நேத்து நீ வேலை பார்க்கிற கம்பெனி ராக்கெட்டைச் செல்போன்ல பார்த்துகினு இருந்தேன். கிளம்ப ஒரு நிமிஷம் இருக்கச்சே நின்னுபோச்சு. பக்கத்துத் தறியில நெய்யுற சம்பந்தம் சிரிச்சான். ஏதோ வால்வு சரியில்லன்னு நிறுத்தச் சொன்னதே நீதான்னு உங்கம்மா அப்புறம் சொல்லிச்சு.

தறியில கட்டின பாவு நூல்ல ஒரு இழை அறுந்தா உடனே தறியை நிறுத்துறவன்தான் நெசவாளி. நாம எத்தினி வாட்டி பார்த்தும் பார்க்காத மாதிரி ஓட்டியிருக்கோம்னு சம்பந்தத்தைக் கேட்டேன்.

அத்தினி பெரியவங்க நடுவுல எப்படிம்மா சொன்னே? எனக்கு அந்த தைரியம் வந்ததே இல்ல.

மூணு வருஷம் முன்ன, பந்தல் போட்டப்புறம் உன் கல்யாணத்தை நிறுத்தினே. அன்னிக்கும் நீ அறுந்த இழையைப் பார்த்திருப்பே. நான் பந்தலைத்தான் பார்த்தேன்.

இப்படிக்கு,
அன்னியிலேருந்து இதுவரை உன் போனை எடுக்காத அப்பா