நீ பெயர் வைத்த குஞ்சு

இன்று காலை ஐஸ்கிரீம் பெட்டியின் மூடியைத் திறந்ததும் கொக்கிளாய்க் களப்பில் அள்ளிய கடற்சேற்றின் மணம் அறை முழுவதும் பரவியது. அழுகிய முட்டையும் உப்பும் கலந்த அந்த நாற்றம் உனக்குப் பிடிக்கும். "இதுதான் எங்கட சென்ட்" என்று மணிக்கட்டில் தடவிக் காட்டுவாய். வீட்டுக்கார அக்கா வாசலில் நின்று யன்னலைத் திறக்கச் சொல்லிச் சத்தம் போட்டார். நான் திறக்கவில்லை. உன்னோடு கொஞ்சம் கதைக்க வேண்டியிருந்தது. கதவைச் சாத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முள்ளன் தோல் கழற்றிவிட்டது. நுணுக்குக்காட்டியின் கீழே, என் கண் முன்னால் கழற்றியது. கழற்றிப் போட்ட தோலில், வாலின் நடுவே அந்த முள் இருக்கிறது. வெளியே வந்த பிராணியில் இல்லை. நீ உலகத்துக்குப் புதிய இனம் என்று அறிவித்ததும், பரிணாமத்தின் மிகப் பழைய கிளை என்று மேடை மேடையாகச் சொன்னதும் வேறொன்றுமில்லை, அந்தக் களப்பில் எங்கு அள்ளினாலும் கிடைக்கிற, மொட்டைவால் என்று நாங்கள் கூப்பிடும் சாதாரண இனத்தின் குஞ்சு. அதைப் பார்க்க நீ இல்லை. உன்னைச் சுடலைக்குக் கொண்டுபோன அடுத்த கிழமைதான் அந்தச் சனியனுக்குத் தோல் கழற்ற மனம் வந்தது. கொஞ்சம் முந்தியிருந்தால் உன் கட்டிலருகே வந்து சொல்லியிருப்பேன். நோயாளி என்றும் பார்த்திருக்க மாட்டேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் முதலிலிருந்து சொல்லப்போகிறேன். இத்தனை காலமும் எல்லோரும் கேட்டது நீ சொன்ன கதையை மட்டும்தான்.

ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே மேற்பார்வையாளரிடம் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவு செய்தோம். நீ இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்காரர் வீட்டுப் பிள்ளை. நான் கலவரத்தில் தேயிலை மலையை விட்டு வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்களின் பேத்தி. என் அப்பா உங்கள் ஊர் வயல்களில் நெல் அறுவடைக் காலத்தில் கூலிக்கு அருவி வெட்டியவர். அதைச் சொன்னபோது நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப நீ எங்கட சோத்தில வளந்தவள்தான்" என்றாய். அன்று அது எனக்கு அன்பாகத்தான் பட்டது.

வேலையைப் பிரித்துத் தந்தார்கள். களப்பின் சேற்றில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பிராணிகளின் இனங்களை அடையாளம் காண்பது உன் பங்கு. அவை முட்டையிலிருந்து முதிரும்வரை எப்படி வளர்கின்றன, உடல் வளையம் வளையமாக அமைவது எந்த ஒழுங்கில், அந்த ஒழுங்கு இந்தக் கூட்டத்தின் முன்னோர்களைப் பற்றி என்ன சொல்கிறது என்பது என் பங்கு. முள்ளன் என்பது நாங்கள் வைத்த செல்லப்பெயர். தலை முழுக்க முள். அந்தத் தலையை உள்ளே இழுத்து வெளியே தள்ளியபடி சேற்றுக்குள் நகரும். நண்டும் இறாலும் போலத் தோல் கழற்றி வளரும் சாதி.

அதைப் பிடிக்கிற விதம் உனக்கு ஒரு விளையாட்டு. சேற்றைக் கடல்நீரில் கரைத்து வாளியில் விட்டு, மீன்தொட்டிக்குக் காற்றடிக்கிற பம்பைப் போடுவோம். முள்ளனின் தோலில் தண்ணீர் ஒட்டாது. குமிழியோடு ஏறி வந்தால் திரும்பித் தாழத் தெரியாமல் மேற்பரப்பில் மாட்டிக்கொள்ளும். அப்போது ஒரு கடதாசித் துண்டை மெல்ல வைத்து எடுத்தால் அதோடு வந்துவிடும். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் வாளியை எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளையள், இறாலோ?" என்று கேட்டார். "இல்லை அண்ணை, இறாலின்ர சொந்தக்காரர்" என்றாய் நீ. இரண்டு பேரும் வாளியைப் பிடித்தபடி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அதற்காகவும் உன் மேல் எனக்குக் கோபம்.

நடுமுள்ளை முதலில் கண்டது நான். "எடியே, இங்க வந்து பார். வாலில நடுவில ஒரு முள்ளு" என்று உன்னைக் கூப்பிட்டதும் நான்தான். நீ நெடுநேரம் பார்த்தாய்.

"இது புதுசு."

"அவசரப்படாத. ஒண்டிலயும் முட்டை இல்லை. குஞ்சு போலக் கிடக்கு. வளத்துப் பாப்பம்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"அது தோல் கழட்டுமட்டும்."

"பசு கண்டு போடுமட்டும் கொட்டிலுக்குள்ள குந்திக்கொண்டிருக்கிற ஆள் நீ" என்றாய்.

நான் குந்தித்தான் இருந்தேன். கண்ணாடித் தட்டுகளில் மெல்லிய சேறு பரப்பி, நுண்பாசி போட்டு, உப்புக் கூடாமலும் குறையாமலும் பார்த்துக்கொண்டேன். அவற்றில் ஒன்றுக்கு இடப்பக்க முள் ஒடிந்திருந்தது. நொண்டி என்று கூப்பிடுவேன். பிறகு அப்பாவுக்கு டெங்கு என்று கிளிநொச்சி ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. தட்டுகளை உன்னிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினேன். தண்ணீர் வற்றவிடாதே என்பதைத் தவிர வேறொன்றும் உன்னிடம் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது தட்டுகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. "எல்லாம் செத்துப்போச்சு. நாறினது, கழுவிட்டன்" என்றாய். கண் கலங்கியிருந்தாய். அழாதே, திரும்பப் பிடிக்கலாம் என்று நான் உன்னைத் தேற்றினேன். நான் உன்னைத் தேற்றினேன்! அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கொதிக்கிறது.

உன் கட்டுரை வெளிவந்தது. முதல் படத்தில் நொண்டி இருந்தது. இடப்பக்க முள் ஒடிந்த என் நொண்டி, போமலினில் விறைத்து, புதிய இனத்தின் மூல மாதிரி என்ற பட்டத்தோடு. எதுவும் சாகவில்லை. பெயர் வைக்க நல்ல மாதிரிகள் வேண்டும் என்பதற்காக, நான் வளர்த்தவற்றை உயிரோடு எடுத்து ஊறவைத்திருக்கிறாய். கட்டுரையின் கடைசியில் நன்றி சொன்ன இடத்தில் என் பெயரைக் கண்டேன். சேறு அள்ளுவதில் உதவியதற்காகவாம்.

என் அப்பனும் பாட்டனும் மண் வெட்டியவர்கள்தான். அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் நீ தெரிந்துதான் அந்தச் சொல்லை எடுத்தாய். பிராணிக்கு வைத்த பெயரிலும் கெட்டிக்காரத்தனம். உன் அம்மாவின் பெயரை லத்தீனாக்கி வைத்தாய். தாயின் பெயரை வைத்த பிள்ளையை யார் குறை சொல்வார்கள்? நான் முறையிடப் போனபோது மேற்பார்வையாளர், "ஒரு வீட்டுப் பிள்ளையள் மாதிரி இருந்தனீங்கள், இதைப் பெரிசாக்காதேங்கோ" என்று வழியனுப்பி வைத்தார். நான் படிப்பை விட்டுவிட்டு மல்லாவிப் பக்கத்தில் பள்ளிக்கூட ஆசிரியையானேன். நீ வெளிநாடு போனாய். கலாநிதி ஆனாய்.

பிறகு வேறொரு மேற்பார்வையாளரிடம் திரும்பப் பதிவு செய்தேன். அதே கேள்வி, அதே களப்பு. விடுமுறைகளில் சேறு எடுத்து வந்து, இரவல் நுணுக்குக்காட்டியை வைத்துக்கொண்டு இந்த வாடகை அறையிலேயே வளர்த்தேன். எத்தனையோ தட்டுகள் பூஞ்சணம் பிடித்தன. வெக்கையில் வெந்து போயின. நீ கழுவிக் கவிழ்த்த தட்டுகளை நினைத்துக்கொண்டே ஒவ்வொரு நாளும் தண்ணீர் மாற்றினேன். ஏன் திரும்பப் படிக்க வந்தாய் என்று நேர்முகத்தில் கேட்டபோது அறிவியல் ஆர்வம் என்று சொன்னேன். உன்னிடம் என்ன மறைப்பு, வன்மம்தான்.

தோல் கழற்றியதைப் பார்த்த அன்று எழும்பி நின்று கை தட்டினேன். அதற்குப் பிறகு உன் மேல் வந்தது போன்ற ஆத்திரம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. தோற்றுப்போகக்கூட நிற்காமல் போய்விட்டாயே.

சில நாள் கழித்து உன் அம்மா தொலைபேசியில் அழைத்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்கிறார்களாம். வருகிறவர்களுக்குக் கொடுக்கும் அந்த நினைவுப் புத்தகத்தில் உன் சிநேகிதியாக நான் நாலு வரி எழுத வேண்டுமாம். நேரிலே வருகிறேன் என்றேன். சொல்ல வேண்டியதைப் பஸ்ஸில் வழி முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

கூடத்தில் உன் படத்துக்குப் பக்கத்தில் நொண்டியின் படமும் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. உன் அம்மா கதிரையை இழுத்துப் போட்டார்.

"என்ர பேரில ஒரு சீவன் இருக்கெண்டு வாற சனத்துக்கெல்லாம் சொல்லுறனான். அதையும் எழுதும் பிள்ளை."

"அம்மா, அது தனி இனம் இல்லை. வேற ஒண்டின்ர குஞ்சு. நான் வளத்துப் பாத்தனான். அதைத்தான் இப்ப எழுதப் போறன்."

அத்தோடு நிறுத்தவில்லை. தட்டுகளின் கதையையும் சொன்னேன், நொண்டியின் படத்தைக் காட்டிக் காட்டி. உனக்காகப் பரிந்து பேசுவார், சண்டை பிடிக்கலாம் என்று காத்திருந்தேன். உன் அம்மா ஆச்சரியப்படவே இல்லை.

"செய்திருப்பாள்" என்றார். "அவளுக்குப் பொறுக்க ஏலாது. சோறு வேகமுதல் மூடியைத் திறக்கிறவள்."

இத்தனை காலத்தில் என்னை நம்பிய முதல் ஆள் உன் அம்மா. அவர் கேட்டார்:

"அப்ப என்ர பேரை அழிச்சுப்போடுவினமோ?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் போயிருந்தேன். "அழிக்க மாட்டினம் அம்மா. எங்கட முறை அப்பிடி. சரியான பேருக்குக் கீழ, இது பிழையான பேர், இன்னார் வைச்சது எண்டு எழுதி வைப்பினம். பிறகு வாறவை எல்லாரும் அதைப் பாப்பினம். எப்பவும் கிடக்கும்." ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். உனக்கு விழ வேண்டியது அவர் மேல் விழட்டும் என்றுதான் சொன்னேன்.

அவர் உன் படத்தைப் பார்த்துக்கொண்டு யோசித்தார்.

"அப்ப என்ர பேரும் அவளின்ர பேரும் ஒரே வரியில கிடக்கும். எப்பவும்."

"ஓம்."

"எனக்கு அது போதும் பிள்ளை. எழுதும்." பிறகு எழுந்து குசினிக்குள் போனார். "சாப்பிட்டிட்டுப் போம்" என்ற குரல் மட்டும் கேட்டது.

சாப்பிட்டேன். உங்கள் வயல் அரிசிச் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு. திரும்பி வரும்போது பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வருடக்கணக்காக நான் வளர்த்த பழியை உன் அம்மா ஒரு வாய்ச்சொல்லில் வாங்கி, உனக்குப் படைத்துவிட்டார். கல்வெட்டுக்கு நாலு வரி கொடுத்தேன். நீ நன்றாக நீந்துவாய் என்று எழுதினேன். பொய்யில்லாமல் எனக்கு எழுத வந்தது அதுதான்.

என் கட்டுரையை நேற்று அனுப்பிவிட்டேன். பிழையான பெயர் என்று, உன் பெயரோடும் உன் அம்மாவின் பெயரோடும், ஒரு எழுத்தும் தவறாமல் அதில் எழுதியிருக்கிறேன். அனுப்பினால் நெஞ்சு ஆறும் என்று நம்பியிருந்தேன். ஆறவில்லை. உன்னை மன்னிக்கவுமில்லை, மன்னிக்கிற எண்ணமுமில்லை. இந்தக் கோபத்தை யார் கேட்டாலும் நான் விடப்போவதில்லை. இதையும் விட்டுவிட்டால் உன்னோடு கதைக்க எனக்கு வேறு என்ன இருக்கிறது?